கருத்தடை முறைகளும் பெண்களின் வயதும்

குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் கொள்கையாக ஏற்று, 1952-ஆம் ஆண்டில் தேசிய அளவில் திட்டம் வகுத்துச் செயலில் இறங்கிய முதல் நாடு இந்தியாவாகும். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் இதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 65 இலட்சம் ரூபாய் மட்டுமே. சிறிய அளவில் தொடங்கிய அம்முயற்சி பல மாற்றங்களைக் கண்டு வளர்ந்தது. மாதிரிப் பதிவு முறையின் கணக்குப்படி, 1971-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 5.2 குழந்தைகள் என்றிருந்த மொத்தக் கருவள விகிதம், 2020-இல் 2.0 ஆகக் குறைந்தது. ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை சரியாக நிரப்புவதற்குத் தேவையான அளவு 2.1 எனக் கொள்ளப்படுவதால், மக்கட்பெருக்கம் என்ற கோணத்தில் மட்டும் பார்த்தால் திட்டத்தின் நோக்கம் பெரும்பாலும் நிறைவேறிவிட்டது எனலாம்.

ஆயினும், குடும்ப நலத் திட்டம் என்பது பிறப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் திட்டம் மட்டுமன்று. எப்போது கருவுறுவது, எத்தனை ஆண்டு இடைவெளி விடுவது, எப்போது போதும் என நிறுத்துவது ஆகிய மூன்றையும் பெண் தன் விருப்பப்படி தீர்மானிக்க உதவுவதே அதன் உண்மையான பொருள். இம்மூன்று தேவைகளும் பெண்ணின் வாழ்வில் வெவ்வேறு வயதில் எழுகின்றன. எனவே, நாட்டின் சராசரிப் புள்ளிவிவரத்தை மட்டும் கொண்டு திட்டத்தின் வெற்றியை மதிப்பிட முடியாது. வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தல் இன்றியமையாதது.

சராசரி கூறுவது என்ன?

தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21 வரை ஐந்து சுற்றுகளாக நடைபெற்றது. மணமாகிக் கணவருடன் வாழ்வோராகக் கணக்கிடப்படும் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில், ஏதேனும் ஒரு கருத்தடை முறையைக் கையாள்வோர் 1998–99-இல் 48.2 சதவிகிதமாக இருந்தனர். இது 2005–06-இல் 56.3 சதவிகிதமாக உயர்ந்து, 2015–16-இல் 53.5 சதவிகிதமாகச் சற்றுக் குறைந்து, 2019–21-இல் 66.7 சதவிகிதமாயிற்று. நவீன முறைகளை மட்டும் கணக்கிட்டால், 2019–21 சுற்றில் இது 56.5 சதவிகிதமாகும்.

இந்த மொத்தத்தின் உட்கூறுகளை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலனாகிறது. 2019–21-இல் பெண்களுக்கான கருத்தடை அறுவைச் சிகிச்சையின் பங்கு மட்டும் 37.9 சதவிகிதம். ஆணுறை 9.5, கருத்தடை மாத்திரை 5.1, கருப்பையில் பொருத்தும் சாதனம் 2.1, ஊசிமருந்து 0.6 சதவிகிதம் என்றிருக்க, ஆண்களின் அறுவைச் சிகிச்சை 0.3 சதவிகிதமே. அதாவது, நவீன முறைகளைக் கையாளும் தம்பதிகளில் மூன்றில் இரு பங்கினர் பெண்ணின் அறுவைச் சிகிச்சையையே நம்பியுள்ளனர். இச்சிகிச்சை "போதும்" என்ற முடிவுக்கு ஏற்றதேயன்றி, "இப்போது வேண்டாம்" என்ற விருப்பத்துக்கு ஏற்றதன்று.

இந்நிலைமை ஏற்பட்டதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1970-களின் முற்பகுதியில் ஆண்களின் அறுவைச் சிகிச்சையே முதன்மையாக விளங்கியது. 1971-ஆம் ஆண்டு ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடைபெற்ற முகாமில் மட்டும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் சிகிச்சை பெற்றனர். நெருக்கடி நிலை நிலவிய 1976–77-இல் நாடெங்கும் நடந்த சுமார் 82 இலட்சம் அறுவைச் சிகிச்சைகளில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. அப்போது கையாளப்பட்ட கட்டாய முறைகள் மக்களிடையே வெறுப்பையும் அச்சத்தையும் விளைவித்தன. 1977-க்குப் பின்னர் திட்டத்தின் பெயர் "குடும்ப நலம்" என மாறியது. பொறுப்போ ஆணின் தோளிலிருந்து பெண்ணின் தோளுக்கு மாறியது.

புள்ளிவிவரத்தைப் படிக்கும் முறை

கருத்தடை முறைகளைக் கையாள்வோரின் சதவிகிதம் எல்லா வயதிலும் ஒரே அளவினதாக இருப்பதில்லை. 15–19 வயதுடைய மணமான பெண்களில் இம்முறைகளைக் கையாள்வோர், 2019–21 சுற்றிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவே. வயது கூடக்கூட இது படிப்படியாக உயர்ந்து, 35 வயதைக் கடந்தோரிடம் நான்கில் மூவர் என்ற அளவை ஒட்டி நிற்கிறது. 45-க்குப் பின்னர் மீண்டும் சற்றுக் குறைகிறது. இந்த ஏற்ற இறக்கத்திற்குப் பொருள் காண முற்படும் மாணவர்கள் மூன்று எச்சரிக்கைகளை மனத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவதாக, வயதின் விளைவும் குழந்தை எண்ணிக்கையின் விளைவும் ஒன்றோடொன்று பின்னியவை. முப்பது வயதுப் பெண் கருத்தடையை நாடுவது அவருக்கு முப்பது வயதானதால் மட்டுமன்று. அதற்குள் இரண்டு குழந்தைகள் பிறந்துவிட்டதாலும் ஆகும். ஒரே எண்ணிக்கையில் குழந்தைகள் உள்ள வெவ்வேறு வயதுப் பெண்களை ஒப்பிட்டால்தான் வயதின் தனி விளைவு தெரியவரும்.

இரண்டாவதாக, தலைமுறையின் விளைவையும் கருத வேண்டும். 2020-இல் 45 வயதான பெண் 1975-ஐ ஒட்டிப் பிறந்தவர். தம் 25-ஆம் வயதில், அதாவது 2000-ஐ ஒட்டி, அவர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தால், அம்முடிவு அன்றைய வசதிகளையும் அன்றைய சமூக நிலையையும் காட்டுவதாகும். இன்று கிராமத்திற்கு வந்துள்ள சேவைகளைப் பற்றி அது எதையும் கூறுவதில்லை.

மூன்றாவதாக, இச்சதவிகிதம் குளத்திலுள்ள நீரின் அளவைப் போன்றது. ஆண்டுதோறும் வந்துசேரும் நீரின் அளவைப் போன்றதன்று. 25 வயதில் அறுவைச் சிகிச்சை பெற்றவர் 49 வயது வரை ஒவ்வோர் ஆய்விலும் "பயன்படுத்துபவர்" என்றே கணக்கில் வருவார். இருபது வயதில் ஒன்றரை ஆண்டு மாத்திரை உட்கொண்டு, பின்னர் குழந்தை வேண்டி அதை நிறுத்தியவர், நிறுத்திய பின் நடக்கும் ஆய்வில் "பயன்படுத்தாதவர்" ஆகிவிடுவார். ஆனால் இவ்விருவருமே தத்தம் தேவைக்கேற்பச் செயற்பட்டவர்கள்தாம்.

வயது அமைப்பு எந்த அளவுக்குச் சராசரியை மாற்றும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். மணமான பெண்களுள் 15–24 வயதினரில் 20 சதவிகிதம், 25–34 வயதினரில் 60 சதவிகிதம், 35–49 வயதினரில் 80 சதவிகிதம் பேர் கருத்தடை முறைகளைக் கையாள்வதாக வைத்துக்கொள்வோம். "அ" மாவட்டத்தில் இம்மூன்று பிரிவினரும் முறையே 40, 35, 25 சதவிகிதமாக இருந்தால், மாவட்டச் சராசரி 49 சதவிகிதம் வரும். "ஆ" மாவட்டத்தில் அவர்கள் 15, 35, 50 சதவிகிதமாக இருந்தால், சராசரி 64 சதவிகிதம் ஆகும். ஒவ்வொரு வயதிலும் இரு மாவட்டங்களின் செயற்பாடும் ஒன்றே. ஆயினும், மேலோட்டமாகப் பார்க்கும் அலுவலர் ஒரு மாவட்டத்தைப் பாராட்டி, மற்றொன்றிடம் விளக்கம் கேட்பார்!

இளம் வயதினர்: 15 முதல் 24 வரை

இவ்வயதினரிடையே கருத்தடைப் பயன்பாடு குறைவாக இருப்பதற்கு அறியாமையே காரணம் எனக் கூறுவது வழக்கம். ஆனால், ஏதேனும் ஒரு கருத்தடை முறையையாவது கேள்விப்பட்டிருப்போர் ஏறத்தாழ எல்லாப் பெண்களுமே என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கேள்விப்படுவது வேறு; எதை, எங்கே, யாரிடம் பெறுவது, எவ்வாறு பயன்படுத்துவது என அறிவது வேறு. அவ்வறிவு இருந்தாலும், பயன்படுத்தும் உரிமை வீட்டில் கிடைப்பது இன்னும் வேறு.

மணமான ஓராண்டுக்குள் "விசேஷம் உண்டா?" என்ற கேள்வி புதுப்பெண்ணைச் சூழ்ந்துகொள்கிறது. தாய்மை அடைந்த பின்னரே புகுந்த வீட்டில் அவளுக்கு உறுதியான இடம் கிடைக்கிறது என்ற எண்ணம் நாட்டின் பல பகுதிகளிலும் நிலவுகிறது. முதற்குழந்தைக்கு முன் மாத்திரை உட்கொண்டால் பின்னர் கருத்தரிக்காது என்ற தவறான அச்சமும் பரவலாக உள்ளது. குழந்தையில்லாத பெண்ணிடம் கருத்தடையைப் பற்றிப் பேசச் சுகாதாரப் பணியாளர்களே தயங்குவதுண்டு. கூட்டுக் குடும்பத்தில் தனிமை கிட்டாததும், மாமியாரின் அனுமதியின்றி வெளியே செல்ல இயலாததும் மேலும் தடைகளாகின்றன.

கணவர் வெளியூரில் வேலை பார்ப்பதும் ஒரு முக்கியக் காரணமாகும். பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளிலிருந்து இலட்சக்கணக்கான ஆண்கள் பிற மாநிலங்களுக்குச் சென்று, சத் பூஜை, ஹோலி போன்ற பண்டிகைகளின்போது ஊர் திரும்புகின்றனர். கணவர் இல்லாத மாதங்களில் கருத்தடை தேவையில்லை எனப் பெண் கருதுவது இயல்பே. ஆனால் அவர் வந்திறங்கும் நாளில் வீட்டில் மாத்திரையோ ஆணுறையோ இருப்பதில்லை. இத்தகைய பெண்ணை "பயன்படுத்தாதவர்" என்று பதிவேட்டில் குறிப்பதால் மட்டும் அவரது தேவை விளங்கிவிடாது.

இவை அனைத்திற்கும் அடிப்படையாக அமைவது இளவயதுத் திருமணம். பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதை 18 ஆக உயர்த்தும் சட்டத் திருத்தம் 1978-இல் வந்தது. எனினும், 20–24 வயதுப் பெண்களில் 18 நிறையுமுன் மணமானவர்கள் 2005–06-இல் 47.4 சதவிகிதமாகவும், 2019–21-இல் 23.3 சதவிகிதமாகவும் இருந்தனர். முன்னேற்றம் பெரிதுதான், எஞ்சியிருப்பதும் பெரிதே. குழந்தையைத் தள்ளிப்போடவோ இடைவெளி விடவோ போதும் என நிறுத்தவோ விரும்பியும் அதற்கான வழியைக் கையாளாத நிலையைப் "பூர்த்தியாகாத தேவை" என்பர். 2019–21-இல் நாடு முழுவதும் 9.4 சதவிகிதமாக இருந்த இத்தேவை, 25 வயதுக்குட்பட்ட பெண்களிடமே மிகுதியாகக் காணப்பட்டது. பயன்பாடு குறைவாக இருப்பது விருப்பமின்மையால் அன்று என்பதற்கு இதுவே சான்று.

நடு வயதினர்: 25 முதல் 34 வரை

பெரும்பாலான பெண்கள் குடும்ப அளவை முடிவு செய்வது இப்பருவத்தில்தான். இங்கு முதன்மையான காரணி உயிருடன் உள்ள குழந்தைகளின் எண்ணிக்கையாகும். பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை இம்முடிவுக்கு இன்றியமையாதது. 1971-இல் ஆயிரம் பிறப்புகளுக்கு 129 ஆக இருந்த சிசு மரண விகிதம் 2020-இல் 28 ஆகக் குறைந்ததே, சிறு குடும்ப நெறி வேரூன்றியதற்கு வலுவான அடித்தளம் எனலாம். தடுப்பூசி போடும் செவிலியரும் குடும்ப நலத்திற்கே பணியாற்றுகிறார் என்பதை மறந்துவிடலாகாது.

குழந்தைகளின் எண்ணிக்கையோடு அவர்கள் ஆணா பெண்ணா என்பதும் முடிவைப் பாதிக்கிறது. இரண்டு பெண் குழந்தைகள் மட்டும் உள்ள தாயைவிட, ஓர் ஆண் குழந்தையேனும் உள்ள தாய் அறுவைச் சிகிச்சைக்கு முன்வருவது அதிகம். இவ்வேறுபாடு எல்லா மாநிலங்களிலும் ஒரே அளவில் இல்லை. காலப்போக்கில் குறைந்தும் வருகிறது. ஆயினும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

கல்வியின் விளைவைக் கவனமாக நோக்க வேண்டும். 2019–21-இல் பள்ளிக்கே செல்லாத பெண்களின் கருவள விகிதம் 2.8 ஆகவும், பன்னிரண்டோ அதற்கு மேலோ ஆண்டுகள் படித்தோரின் விகிதம் 1.8 ஆகவும் இருந்தன. ஆனால், அறுவைச் சிகிச்சை பெற்றோரின் பங்கு படித்த பெண்களிடம் குறைவாகவே உள்ளது. கல்வி திருமணத்தைத் தள்ளிப்போடுகிறது; ஆணுறை, மாத்திரை போன்ற தற்காலிக முறைகளை நாடச் செய்கிறது.

சேவை கிடைக்கும் வாய்ப்பும் இப்பருவத்தில் பெருகியுள்ளது. மருத்துவ நிலையங்களில் நிகழும் பிரசவங்கள் 2005–06-இல் 38.7 சதவிகிதமாக இருந்து, 2019–21-இல் 88.6 சதவிகிதமாயின. ஒவ்வொரு பிரசவமும் தாயுடன் ஆலோசிக்கக் கிடைக்கும் ஒரு சந்தர்ப்பமாகும். ஆனால் அந்த ஆலோசனை பிரசவ வேதனையின் நடுவில் அன்றி, கர்ப்பகாலப் பரிசோதனைகளின்போதே தொடங்க வேண்டும். அப்போதுதான் பெண்ணின் சம்மதம் உண்மையான சம்மதமாகும்.

முதிர் வயதினர்: 35 முதல் 49 வரை

இவர்களிடையே பயன்பாடு அதிகமாகத் தோன்றுவது பெரும்பாலும் பல ஆண்டுகளுக்கு முன் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சையால் ஆகும். சிகிச்சை பெறாதவர்களின் நிலை தனியே ஆராயத்தக்கது. "இனிக் கருத்தரிக்காது" என்ற நம்பிக்கையால் பலர் எந்த முறையையும் கையாள்வதில்லை. சிலர் நாள் கணக்கை மட்டும் நம்புகின்றனர். மாதவிடாய் ஒழுங்கற்றுப் போகும் வயதில் நாள் கணக்கு நம்பத்தக்கதன்று. இவ்வயதில் எதிர்பாராமல் நேரும் கர்ப்பம் தாயின் உயிருக்கு இளம் வயதைவிட அதிக ஆபத்தை விளைவிக்கிறது. பேரன் பேத்தி எடுத்த பின் கருவுறுவது பற்றிய கூச்சத்தால் மருத்துவ உதவியும் தாமதமாகிறது.

இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும், 35 வயதைக் கடந்த புகைப்பழக்கம் உடையவர்களுக்கும் இரு ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரைகள் ஏற்றவை அல்ல. ஆகவே இப்பருவத்தினருக்கு மாத்திரை வழங்குவதோடு நில்லாமல், இரத்த அழுத்தம் பார்த்து, தக்க மாற்று முறையை எடுத்துரைப்பது அவசியம். கணவருக்கான அறுவைச் சிகிச்சை எளியது, பாதுகாப்பானது என்பதை நினைவூட்டவும் இதுவே தகுந்த வேளையாகும். ஆனால், கருத்தடை பெண்களின் வேலை என்று 2019–21 ஆய்வில் ஆண்களில் சுமார் 35 சதவிகிதம் பேர் கருத்துத் தெரிவித்துள்ளனர்.

மாநிலங்கள் தரும் பாடம்

ஆந்திரப் பிரதேசத்தில் கருவள விகிதம் 2019–21-இல் 1.7. அங்கு கருத்தடை முறைகளைக் கையாள்வோரில் ஏறத்தாழ அனைவருமே அறுவைச் சிகிச்சை பெற்ற பெண்கள். இளவயதில் மணம், அடுத்தடுத்து இரு பிரசவங்கள், இருபத்தைந்து வயதை எட்டுமுன்பே அறுவைச் சிகிச்சை என்பது அங்கு பல பெண்களின் வாழ்க்கை வரிசையாக அமைந்துள்ளது. எண்ணிக்கை குறைந்தது, இடைவெளி நீளவில்லை. ஒரு பிரசவத்திற்குப் பின் அடுத்துக் கருவுறுவதற்கு இரண்டு ஆண்டுகளேனும் கழிய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த அளவுகோலால் பார்த்தால், குறைந்த கருவள விகிதம் மட்டுமே தாய்நலத்திற்குச் சான்றாகிவிடாது.

மேற்கு வங்காளத்தில் நிலைமை வேறு. அங்கு மாத்திரை உட்கொள்ளும் வழக்கம் நாட்டின் சராசரியைவிடப் பன்மடங்கு அதிகம். 2019–21-இல் கருவள விகிதம் 1.6. ஆயினும் 20–24 வயதுப் பெண்களில் 41.6 சதவிகிதம் பேர் 18 வயதுக்கு முன் மணமானவர்கள். தற்காலிக முறைகள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தும், இளவயதுத் திருமணம் தொடர்கிறது. பீகாரிலோ, கருத்தடை முறைகளைக் கையாள்வோர் 2015–16-இல் 24.1 சதவிகிதமாக இருந்து, 2019–21-இல் 55.8 சதவிகிதமாக உயர்ந்தனர்; கருவள விகிதம் இன்னும் 3.0 ஆகவே இருந்தது. ஒரு மாநிலத்தின் குறை மற்றொன்றின் குறையன்று. ஆகவே பரிகாரமும் ஒன்றாக இருக்க முடியாது.

செய்யத்தக்கவை

கருத்தடைக்கென இலக்கு விதிக்கும் முறை 1996-இல் கைவிடப்பட்டது. மக்கள்தொகைக் கொள்கை 2000-இல் விருப்பத் தேர்வுக்கு முதலிடம் அளித்தது. ஆயினும் 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் அறுவைச் சிகிச்சை முகாம்களைத் தொடர்ந்து பெண்கள் உயிரிழந்த நிகழ்ச்சி, எண்ணிக்கையை நாடும் மனப்போக்கு மறையவில்லை என்பதை உணர்த்தியது. முகாம் முறையை மூன்றாண்டுகளுக்குள் முடிவுக்குக் கொண்டுவருமாறு 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட "மிஷன் பரிவார் விகாஸ்" திட்டம், கருவள விகிதம் உயர்ந்திருந்த ஏழு மாநிலங்களின் 146 மாவட்டங்களில் ஊசிமருந்து, வாராந்திர மாத்திரை போன்ற புதிய வாய்ப்புகளையும், மாமியார்–மருமகள் சந்திப்புகளையும் ஏற்பாடு செய்தது. வீட்டின் முடிவு யார் கையில் உள்ளது என்பதை உணர்ந்த ஏற்பாடு இது.

இவ்வழியில் மேற்செல்ல மூன்று செயல்கள் உதவும். ஒன்று, துணை சுகாதார நிலையப் பதிவேட்டில் தம்பதிகளை வயது, குழந்தை எண்ணிக்கை, விருப்பம் ஆகிய மூன்றின்படியும் பிரித்துக் குறிக்க வேண்டும். "தகுதியுள்ள தம்பதிகள்" என்ற ஒரே தலைப்பு போதாது. இரண்டு, ஆஷா பணியாளர் முதலில் செல்ல வேண்டிய வீடு மூன்று குழந்தை பெற்றவரின் வீடு மட்டுமன்று, அண்மையில் மணமானவரின் வீடும் ஆகும். மூன்று, மாவட்ட மதிப்பீட்டில் அறுவைச் சிகிச்சைகளின் எண்ணிக்கையோடு, 25 வயதுக்குட்பட்டோரின் பூர்த்தியாகாத தேவை எந்த அளவுக்குக் குறைந்தது என்பதையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

பத்தொன்பது வயதுப் பெண் வேண்டுவது இரண்டு ஆண்டு அவகாசம். முப்பது வயதுப் பெண் வேண்டுவது நிம்மதியான ஒரு முடிவு. நாற்பத்திரண்டு வயதுப் பெண் வேண்டுவது அச்சமற்ற சில ஆண்டுகள். மூவருக்கும் ஒரே விடையைத் தந்துவிட்டு மூவரையும் ஒரே சதவிகிதத்தில் சேர்த்துவிடுவது கணக்கிற்கு எளிதாக இருக்கலாம். குடும்ப நலம் ஆகாது.